சுவருக்குக் கீழே மூன்று வீடுகள்

என் கணவர் கட்டிய சுவரைப் பார்த்து நான் பயப்பட ஆரம்பித்தது ஒரு கார்த்திகை மாதக் காலையில். அதுவரைக்கும் அந்தச் சுவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வந்து போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, யார் கட்டியது என்று கேட்பார்கள். நான் எங்கள் வீட்டைக் காட்டுவேன்.

ஏற்காட்டு மலையில் ஒரு சின்னக் கிளை அஞ்சலகத்தில் தபால் கொடுப்பது என் வேலை. காலை பஸ்ஸில் பை வரும். பிரித்து அடுக்கிக்கொண்டு நடப்பேன். என் கணவர் கொத்தனார். கருங்கல் வேலையில் கைதேர்ந்தவர் என்று மலையில் பெயர். எங்கள் வீடு ஒரு சரிவின் அடியில் இருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு வீடுகள். ஒன்றில் எஸ்டேட் வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும், அவர்களுடைய ஒரே மாடும். இன்னொன்றில் ஒரு வேன் டிரைவர், அவர் மனைவி, ஆறு மாதக் கைக்குழந்தை. மூன்று குடும்பமும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள்.

மேலே சரிவு முழுக்கக் காப்பித் தோட்டமாக இருந்தது. நடுநடுவே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, ஓரத்தில் காய்ப்பு நின்றுபோன ஆரஞ்சு மரங்கள். தோட்டத்துக்காரர் இறந்ததும் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். ஒரு தை மாதம் பொக்லைன் வந்தது. மரங்கள் போன பிறகுதான் அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. அதைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் வீட்டுமனை போட்டார்கள். தார் ரோடு வந்தது, பெரிய கேட் வந்தது, கேட்டில் தொப்பி போட்ட செக்யூரிட்டி வந்தார்.

அந்தக் குடியிருப்பு வளர்ந்ததை என் தபால் பையில்தான் பார்த்தேன். முதல் வருஷம் எனக்கு அங்கே ஒரே ஒரு வீடு. அடுத்த வருஷம் ஏழு. அப்புறம் முப்பதைத் தாண்டிவிட்டது. நீச்சல் குளம், நாய்க்குத் தனி அறை, கண்ணாடியாலேயே ஒரு பக்கச் சுவர் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. நாலு ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள். அந்தக் கோடையில் எங்கள் மூன்று வீட்டுக்கும் பொதுவான ஊற்று வற்றியது. வெயில் காலத்தில் மேலே ஜன்னலெல்லாம் வெளிச்சமாக இருக்கும். மழைக்காலத்தில் மூன்று நாலு வீடுகளில்தான் ஆள் இருப்பார்கள்.

அங்கே வருகிற கடிதங்களில் பாதி, வேறு ஊருக்குப் போய் அங்கிருந்து திருப்பிவிடப்பட்டவை. பழைய விலாசத்தைப் பேனாவால் அடித்துவிட்டு எங்கள் ஊர்ப் பெயரை எழுதியிருப்பார்கள். அடித்த விலாசம் பெரும்பாலும் ஒரே இடமாக இருக்கும். சென்னைக்குத் தெற்கே கடலோரச் சாலையில் இருக்கும் ஒரு பணக்காரப் புறநகர். அங்கே ஒருவர் வாங்க, அவர் சொல்லி இன்னொருவர் வாங்க, ஒரு தெருவே மலையேறி வந்ததுபோல வந்துவிட்டார்கள்.

அவர்களில் மழைக்காலத்திலும் தங்கியிருந்தவர் ஒரு மேடம். அறுபது வயதிருக்கும். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், மகன் வெளிநாட்டில். அவர் வீடு குடியிருப்பின் கடைசி வீடு. அவர் தோட்டம் முடிகிற இடத்தில்தான், மண் சரியாமல் தாங்க என் கணவர் கட்டிய அந்தச் சுவர். சுவருக்குக் கீழே நாங்கள். ரெஜிஸ்டர் தபாலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பேசுவார். தனியாக இருப்பவர்களுக்குத் தபால் கொடுக்கப் போனால் நேரமாகும். எனக்கு அது பழக்கம்தான்.

அவர் அந்தக் கடலோர ஊரைப் பற்றிச் சொன்னதெல்லாம் நான் நேரில் பார்த்ததுபோல நினைவிருக்கிறது. கல்யாணமான புதிதில் அவர்கள் அங்கே மனை வாங்கியபோது சுற்றிலும் சவுக்குத் தோப்பும் மணலும்தானாம். ஒரு மீனவர் குப்பம், ஒரு டீக்கடை. பத்தடி தோண்டினால் இனிப்பான தண்ணீர். பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். சினிமாக்காரர்கள் பங்களா கட்டினார்கள். அவர்களைப் பார்த்துக் கம்பெனி முதலாளிகள் வந்தார்கள். பெரிய பள்ளிக்கூடம், பெரிய ஆஸ்பத்திரி, காப்பி குடிக்கப் போனால்கூடக் கார் நிறுத்த இடமில்லாத கடைகள். மதில்கள் உயர உயரக் கடல் தெரியாமல் போயிற்று, சத்தம் மட்டும் கேட்கும் என்றார். கிணறு உப்பானது. லாரித் தண்ணீர் வாங்கினார்கள். பின்பக்கம் இருந்த ஏரியையும் தூர்த்து அடுக்குமாடி கட்டினார்கள். அப்புறம் ஒரு டிசம்பரில் ஏரித் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. கீழ்த்தளத்தில் மார்பளவு. உடம்பு முடியாத கணவரை மாடிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு நாள் மின்சாரமில்லாமல் படகுக்காகக் காத்திருந்தார். படகு வந்தது, ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். ஒரு வாரத்தில் கணவர் இறந்துவிட்டார்.

வீட்டை விற்றுவிட்டு மலைக்கு வந்ததற்குக் காரணம் அதுதான். "தண்ணி மேல ஏறி வராதுல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

இங்கெல்லாம் வெள்ளம் வராதுங்க மேடம், பயப்படாதீங்க என்று நான் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. காலையில் எழுந்தால் என் கணவர் வாசலில் குடையில்லாமல் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று ஆள் உயரச் சுவர். எங்கள் சமையலறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு கொய்யா மரம்தான். சுவரின் உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியே வடிய வரிசையாகப் பைப் வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு பைப்பிலும் விரலை விட்டுப் பார்த்தார். நான் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றிலிருந்தும் தண்ணீர் வரவில்லை, அப்படியென்றால் நல்லதுதானே என்று கேட்டேன்.

 தேநீரை வாங்காமலே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இத்தன மழைக்கு ஊத்தோணும் புள்ள. ஊத்தலைன்னா அத்தனையும் உள்ளதான் நிக்குது. பைப்பு செவுத்தோட சரி. தண்ணி வடியறதுக்குப் பின்னாடி ஜல்லி போடவே இல்ல. வெறும் மண்ணுதான்."

மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று கான்ட்ராக்டர் அவசரப்படுத்தியிருக்கிறார். ஜல்லி லாரி மலையேறி வர நாளாகும், மண்ணையே தள்ளி மூடு, பைப்பை வெளியே தெரிகிற மாதிரி வை என்றிருக்கிறார். இவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். உனக்கு முடியாவிட்டால் வேறு ஆள் இருக்கிறான் என்றதும் வாயை மூடிக்கொண்டார். தன் வீட்டுக்கு மேலே நிற்கப்போகிற சுவர் என்று தெரிந்தே கட்டினார். நிற்கும் என்று நினைத்தாராம். இரண்டு மழைக்கு நிற்கவும் செய்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.  அந்த நிமிஷத்திலிருந்து அது வேறு சுவராகிவிட்டது. சோறு வடிக்கும்போது முதுகுப்பக்கம் அது நிற்பது தெரிந்தது. மழை வலுத்தால் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அழவில்லையென்றாலும் அடித்துக்கொள்ளும். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டார். சொன்னால் பழி தன் தலையில்தான் விழும், மலையில் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றார். அது உண்மையும்கூட.

மறுநாள் மேடம் வீட்டுக்கு ஒரு பார்சல் இருந்தது. கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து இழுத்து இழுத்துத் திறந்தார். மழையில் மரக்கதவு உப்பிவிட்டது போல என்றார். நிலையைப் பார்த்தேன். கதவு உப்பவில்லை, நிலைதான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இன்னொன்றும் காட்டினார். புல்தரையில், சுவருக்குப் பத்தடி முன்னால், நூல் பிடித்ததுபோல ஒரு வெடிப்பு. ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை. மழைத் தண்ணீர் அதில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது வரும் முகம் அது.

சொல்லிவிட்டேன். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும், அதை யார் என்னிடம் சொன்னார் என்பதையும். அவர் என்னைத் திட்டவில்லை. உங்க வீடு கீழதானே என்று மட்டும் கேட்டுவிட்டு, அங்கேயே நின்று கட்டட நிறுவனத்துக்குப் போன் போட்டார்.

மத்தியானம் ஓர் இன்ஜினீயர் வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசினார். வெடிப்பைப் பார்த்துவிட்டு, புதிதாகக் கொட்டிய மண் அமுங்குவது சகஜம், சிமெண்ட் பால் ஊற்றி அடைத்துவிடலாம் என்றார். கீழே வேலையிலிருந்த என் கணவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேடம், செக்யூரிட்டி, நான் எல்லோரும் நின்றோம். நீதானே கட்டினாய், ஏதாவது குறை இருக்கிறதா, மேடத்திடம் சொல் என்றார். என் கணவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்பது அந்த ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமில்லீங்க சார். புது மண்ணு. கொஞ்சம் அமுங்கும்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன். நான் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கி வந்தேன்.

 மறுநாள் விடிந்தபோது என் கணவர் ஏணியைச் சாய்த்து ஏறி, சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு நூலைத் தொங்க விட்டிருந்தார். நேராகக் கட்டிய சுவர், நூல் அதை ஒட்டி நிற்க வேண்டும். சுவரின் அடியில் நாலு விரல் தள்ளி நின்றது. முந்தின நாள் மாலை இரண்டு விரல்தானாம். சுவரின் வயிற்றுப் பக்கம் இரண்டு கல் லேசாக வெளியே வந்திருந்தது, ஈறு தளர்ந்த பல் மாதிரி. அவர் நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீடுகளுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"நாந்தான் கட்டுனேன். ஒழுங்காக் கட்டலைங்க. இது நிக்காது. இப்பவே கெளம்புங்க."

டிரைவரின் மனைவி மறு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பெரியவர்தான் கதவுக்கு நடுவில் நின்றுகொண்டார். "நீ ஒழுங்காக் கட்டலைன்னா நான் எதுக்குடா என்ற ஊட்ட உட்டுட்டுப் போகோணும்?" என்று கேட்டார்.  என் கணவர் அவர் காலில் விழுந்தார். பெரியவர் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் சம்சாரம் உள்ளே போய்ப் பைபிளையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து, அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

அவர்கள் சர்ச் ஹாலுக்குப் போக, நான் மேலே மேடத்தைக் கூட்டிவர ஓடினேன். கதவு திறக்கவே இல்லை. நானும் செக்யூரிட்டியும் தள்ளினோம், அவர் உள்ளேயிருந்து இழுத்தார். நிலை இன்னும் சாய்ந்து கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. உள்ளே கண்ணாடி எங்கோ பிளக்கிற சத்தம் கேட்டது. பின்கதவு சுவர்ப் பக்கம், தோட்டத்து வழி. அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று கத்தினேன். செக்யூரிட்டி ஒரு பூந்தொட்டியைத் தூக்கி முன் ஜன்னலை உடைத்தார். மேடம் ஒரு நாற்காலி மேல் ஏறி, சின்னப் பையொன்றை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். 

"ரெண்டு நாளா மாடிப்படியிலதான் உக்காந்திருக்கேன். எங்க போறதுன்னு தெரியல" என்றார்.

சர்ச் ஹாலில் எல்லோரும் இருந்தார்கள், என் கணவரும் பெரியவரின் மாடும் தவிர. மாடு கொட்டகையிலேயே நிற்கிறது என்று பெரியவர் அழுதிருக்கிறார். அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் போயிருக்கிறார். போய் எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டேன். அப்போதுதான் என்றார்கள்.

நான் வாசலுக்கு வருவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. இடி என்றுதான் முதலில் நினைத்தோம். இடியென்றால் முடிந்துவிடும். இது முடியவில்லை. லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுவதுபோல நீண்டுகொண்டே போய், கடைசியில் மரங்கள் முறிகிற ஓசையாக மாறியது. அதன் பிறகு காற்றில் ஒரு வாசனை வந்தது. ஆழத்திலிருந்து தோண்டிய பச்சை மண்ணின் வாசனை. இப்போதும் குழி தோண்டுகிற இடத்தில் என்னால் நிற்க முடியாது.

ஆண்கள் ஓடினார்கள். நான் ஓடவில்லை.  ஹால் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சமாதானமாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் கையைத் தட்டிவிட்டிருப்பேன். மழையில் ரோட்டின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது மாடு. தனியாக வந்தது. கழுத்துக் கயிறு தரையில் இழுபட்டது, முதுகெல்லாம் செம்மண். கயிற்றின் மறு முனையில் யாரும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிஷம் என்று பிறகு சொன்னார்கள். ரோட்டுக்குக் கீழே இருந்த காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து அவர் ஏறி வந்தார். ஒரு கால் செருப்பு இல்லை. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். மண்ணில் முகம் அடையாளம் தெரியவில்லை, நடையை வைத்துத்தான் தெரிந்தது. முடிச்சு இறுகிப்போய் அவிழாமல் நின்றபோது மேலே கல் உருளும் சத்தம் கேட்டிருக்கிறது. மாடு மிரண்டு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, கயிறு இவர் கையில் சுற்றியிருந்தது. "நானெங்க மாட்டக் காப்பாத்துனேன். மாடுதான் என்னைய இழுத்துப் போட்டுச்சு" என்றார். மணிக்கட்டு முறிந்திருந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்கு அன்றே இறங்க முடியவில்லை, மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. பாதிரியாரின் மனைவி பலகை வைத்துக் கட்டிவிட்டார்.

எங்கள் வீடும் பெரியவர் வீடும் போய்விட்டன. டிரைவர் வீட்டில் பாதி நின்றது. மேலே மேடத்தின் தோட்டமும் பின் அறையும் இல்லை. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் என் கணவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். மண் போட்டது நான், சரியில்லை என்று தெரிந்து போட்டேன், போடச் சொன்னது கான்ட்ராக்டர். கான்ட்ராக்டர் அவரைத் தெரியவே தெரியாது என்றார். மேடம் தான் பார்த்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதினார். அதை ரெஜிஸ்டர் தபாலாக நானே முத்திரை குத்தி அனுப்பினேன். பதில் வந்தது, விசாரணையில் இருக்கிறது என்று. மேடம் இப்போது சேலத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். மலையும் இல்லாமல் கடலும் இல்லாமல் ஓர் இடம் பார்த்தேன் என்று போனில் சொன்னார். மழை பெய்தால் எனக்குப் போன் செய்வார், இல்லையென்றால் நான் செய்வேன். வேறு பேச்சு அதிகம் இருக்காது.

டிரைவர் குடும்பம் எங்களோடு பேசுகிறது. பெரியவர் பேசுவதில்லை. அவர் சம்சாரம் மட்டும் சர்ச்சில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். நாங்கள் ஏற்காட்டு டவுனுக்குள் மேடான இடத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வீடு பார்க்கும்போது இவர் சமையலறையையோ குழாயையோ பார்க்கவில்லை. பின்பக்கம் போய் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, சரி என்றார்.

குடியிருப்பில் புதுச் சுவர் எழும்பிவிட்டது, கான்கிரீட்டில். கீழே எங்கள் இடத்தையும் வாங்கி வேலி போட்டுவிட்டார்கள். மேலே புது வீடுகள் வருகின்றன, இப்போது பெங்களூர்க்காரர்கள் நிறைய.

கை சரியான பிறகு இவரை ஆறு மாதம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு கரடியூர் போகிற வழியில் ஒரு புது மனைப்பிரிவுக்குச் சுவர் கட்டக் கூப்பிட்டார்கள். முதலில் ஜல்லி வந்து இறங்கட்டும், அப்புறம் கல்லைத் தொடுகிறேன் என்றார். இரண்டு நாள் காத்திருந்தார். மூன்றாம் நாள் வேறு கொத்தனார் கல்லடுக்கிக்கொண்டிருந்தார். சுவருக்குக் கீழே ஐந்து வீடுகள் இருக்கின்றன. இவர் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். உங்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்று பேசுகிறீர்கள் என்றார் ஒருவர். இன்னொருவர், வேறு எங்கேங்க போறது என்று கேட்டார்.

அந்த ஐந்து வீடுகளும் என் தபால் வழியில் இருக்கின்றன. கடைசி வீட்டில் ஓர் அம்மா, "உள்ள வந்து உக்காருங்க அம்மிணி, நனஞ்சுட்டீங்க" என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுகிறார். நல்ல மனுஷி. நான் நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி, வாசலில் மழையிலேயே நின்று தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கொடுத்து நடக்கிறேன்.